வலிச்சா இடது கையைத் தூக்குங்க

அந்தப் பல் கிளினிக்கில் எல்லோரும் அவளைக் கைராசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவர் பெரிய டாக்டர். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை; பல்லைக்கூட முறைத்துக்கொண்டேதான் பிடுங்குவார். அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து விழுந்த பட்டம் என்பதால் அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவனிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். பக்கத்து வீட்டில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அவர் கேட்காமலே சொல்வாள்.

அவளுடைய வேலை இது. கடைவாயில் எலும்புக்குள் படுத்துக்கிடக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுக்க ஆள் வருவார். காலையில் வந்து மதியம் வீட்டுக்குப் போய்விடுகிற வைத்தியம்தான். மயக்கம் கொடுப்பதில்லை, மரத்துப்போக ஊசி மட்டும். அதனால் ஆள் முழு முழிப்போடு படுத்திருப்பார். முகத்தின் மேல் பச்சைத் துணி, வாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை. பெரிய டாக்டர் அறுப்பார், சின்ன டாக்டர் குழாயால் ரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சுவார். இரண்டு பேருடைய நாலு கையும் வாய்க்குள் இருக்கும்போது எவன் பேசுவான்? ஆகவே ஆரம்பிப்பதற்கு முன் அவள் குனிந்து, காதோரம், தேனாகச் சொல்வாள்: "பயப்படாதீங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க. டாக்டர் உடனே நிறுத்திடுவார். நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு இடது பக்கத்தில் உட்காருவாள். அந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வாள்.

இதில் உள்ள கோளாறு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்தக் கையைத் தூக்கச் சொன்னாளோ அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் பதினேழு வருஷமாக அங்கே ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. வலது பக்கம் டாக்டர் நிற்கிறார், கருவித் தட்டு நிற்கிறது. ஸ்டூல் போட இடது பக்கம்தான் இடம் இருந்தது. ஆறுதலாகப் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் அகப்பட்டது, அவ்வளவுதான் கதை.

வந்த புதிதில் அவள் பூப்போலத்தான் பிடித்தாள். கை எழும்பினால் "டாக்டர், வலிக்குதாம்" என்று சொல்லிவிடுவாள். பெரிய டாக்டர் உச்சுக்கொட்டுவார். அறுப்பதை நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது உள்ளே கேட்கும். ஒருநாள் எழும்பிய கையை அவள் மெல்ல அமுக்கி, "இதோ முடிஞ்சுது, ரெண்டே நிமிஷம்" என்றாள். கை அடங்கிவிட்டது. வேலையும் முடிந்தது. "நீ உட்கார்ந்தா கேஸ் சட்டுனு முடியுதும்மா, கைராசிக்காரிதான் நீ" என்றார் பெரிய டாக்டர். அதற்கப்புறம் அவள் கை பூவாக இருக்கவில்லை.

பத்துப் பேரில் எட்டுப் பேர் பயத்தில்தான் தூக்குகிறார்கள் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது உண்மையும்கூட. மிச்சம் இரண்டு பேர் எதனால் தூக்கினார்கள் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டதே இல்லை.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது சாவிக்காரரால்.

தெருமுனையில் ஒரு பெட்டி அளவு கடையில் மாற்றுச் சாவி அறுத்துக் கொடுக்கிறவர் அவர். ஐம்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். நாற்காலியில் ஏறுவதற்கே மன்னிப்புக் கேட்டார். ஷூவைக் கழற்றிவிட்டு, வலது சாக்ஸில் ஓட்டை இருப்பதைப் பார்த்து அதற்கும் ஒரு மன்னிப்பு. கைராசி அக்காவைவிட எட்டு வயது பெரியவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து "அக்கா" என்றார். கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் படுத்திருந்தது. ஒரு பக்கத்தை இப்போது எடுப்பது, அடுத்ததை ஒரு மாசம் கழித்து எடுப்பது என்று முடிவு.

அன்று பெரிய டாக்டருக்கு எங்கேயோ போக வேண்டியிருந்தது. பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். ஊசி போட்டு, உதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். சாவிக்காரர் சங்கடப்படுத்த வேண்டாமென்றோ என்னவோ தலையை ஆட்டிவைத்தார். அறுக்கும் கருவி பல்லில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் கைக்குள் இருந்த கை எழும்பியது. அமுக்கினாள். "இதோ முடிஞ்சுது." மறுபடி எழும்பியது. மறுபடி அமுக்கினாள். மூன்றாவது தடவை எழும்பியதே, அது பயத்தில் எழும்புகிற கை இல்லை. பதினேழு வருஷம் கை பிடித்தவளுக்கு அது தெரியாமல் போகாது. தெரிந்தது. தெரிந்தும், இன்னொரு கையையும் சேர்த்துப் போட்டு, நாற்காலியின் கைப்பிடியோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

பல் இரண்டு துண்டாக வந்தது. தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, துணியை எடுத்தார்கள். சாவிக்காரரின் கண்ணோரம் இரண்டு பக்கமும் ஈரம் காதுவரை ஓடியிருந்தது. அவள் கையை விட்டபோது அவருடைய மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாகக் கிடந்தது. ஆறுதல் சொன்ன கை அப்படித் தடம் வைக்காது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பஞ்சோடு பஞ்சாக "தாங்க்ஸ்கா" மாதிரி ஏதோ முனகி, மூன்று தடவை தலையை அசைத்துவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வந்தார். கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது.

"என்னங்க, வாட்ச் கை மாறியிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் கன்னிப்போயிருக்குக்கா. வார் பட்டா உறுத்துது. எங்கயோ இடிச்சிருக்கேன் போல." பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு சிரித்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. அந்த ஊசி கைக்கும் வேலை செய்யுமா? அன்னிக்கு வலிச்சுதுக்கா. ரொம்ப வலிச்சுது. கையைத் தூக்கணும்னு பார்க்கறேன், வரவே இல்ல. மரத்துப்போன மாதிரி அப்படியே கெடக்குது."

இப்போது சொல்லியிருக்கலாம். அவர் ஒரு சாவியைப் போல அந்தக் கேள்வியை அவள் கையில் கொடுத்து, திறந்துகொள் என்று நின்றார். சின்ன டாக்டர் கத்தரிக்கோலோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சில பேருக்கு அப்படி ஆகும்ங்க" என்றாள். வாய் கூசாமல் வந்தது.

"அதானே பார்த்தேன். என் கை எனக்கே அடங்க மாட்டேங்குதேன்னு வீட்டுல போய்ச் சொன்னேன், பொண்டாட்டி நம்பல." அவருக்கு முகமெல்லாம் நிம்மதி. "அப்ப அடுத்த பக்கத்துக்கும் கை வராது. பல்லைக் கடிச்சுக்கலாம்னா, பல்லைத்தானே எடுக்கறாங்க!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். அவள் கருவிகளைக் கழுவப் போய், கழுவியதையே இரண்டாம் தடவை கழுவினாள். அமுக்கியதையாவது அவசரம், வழக்கம், பழகிப்போச்சு என்று பூசி மெழுகலாம். இந்தப் பொய்க்கு என்ன பெயர் வைப்பாள்? அந்த மனுஷனின் கையைக் கட்டிப்போட்டதோடு நிற்காமல், கையின் மேலேயே பழியைப் போட்டுவிட்டாள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

அந்த வாரம் வீட்டில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பெண், இடுப்புவரை முடி, முழுக்கச் சிக்கு. சீப்பு ஒரு சிக்கில் மாட்டி இழுத்ததும் பிள்ளையின் கை தலைக்கு வந்தது. அவள் சீப்பை நிறுத்தவில்லை. இடது கையால் அந்தக் கையைப் பிடித்துத் தோளோடு அழுத்திக்கொண்டு, "இதோ முடிஞ்சுது" என்று தொடர்ந்து வாரினாள்.

"விடும்மா!" என்று பிள்ளை உதறியது. "வலிக்குதுன்னு கையை வெச்சா உடனே பிடிச்சுக்கறே. எப்பப் பாரு இப்படித்தான்."

"எப்பப் பாருன்னா?"

"எப்பவும்தான். நீ முடிஞ்சுது முடிஞ்சுதுன்னு சொல்லுவே, முடிஞ்சிருக்காது."

சோபாவில் சாய்ந்திருந்த கணவன் சிரித்தான். "கைராசிக்காரிகிட்ட மாட்டினா அவ்வளவுதான்டா கண்ணு. நான் பதினாலு வருஷமா மாட்டிக்கிட்டு முழிக்கறேன்." வழக்கமான கிண்டல்தான். மற்ற நாளாக இருந்தால் சீப்பாலேயே ஒன்று போட்டிருப்பாள். அன்று சீப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் எத்தனை பேர் வீட்டில், ஊசியில் கை மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கடைக்கே போய், நேருக்கு நேராக. வெறுங்கையோடு போகத் தைரியமில்லாமல் கிளினிக் மருந்து அலமாரியின் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு ஏற்கெனவே இரண்டு சாவி உண்டு.

அவளைப் பார்த்ததும் சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கடையில் பூட்டு வாங்க வந்திருந்த ஒருவரிடம், "நான் சொன்னேன்ல, ஊசியில கையே வராம போச்சுன்னு? நீங்க நம்பல. இவங்ககிட்டயே கேளுங்க, இவங்கதான் சொன்னாங்க" என்றார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்தாள். சிரிப்பும் ஒரு சாட்சிதானே. வந்தவர் நம்பிவிட்டார்.

மூன்றாவது சாவி நான்கு நிமிஷத்தில் தயாராகிவிட்டது. ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, "கையில குத்தக் கூடாதில்லக்கா" என்று கொடுத்தார். இடது கையால்தான் கொடுத்தார். மணிக்கட்டில் நீலம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது. அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வீடு திரும்பினாள். வழியில் தன்னைத்தானே திட்டிக்கொண்ட திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த பக்கத்துக்கான நாள் வந்தது. உடம்பு சரியில்லை என்று லீவு போடலாமா என்று காலையில் ஒரு யோசனை வந்தது. அப்படியானால் கை வராது என்ற நம்பிக்கையோடு அந்த மனுஷன் தனியாகப் படுத்திருப்பார். அதை நினைத்ததும் கிளம்பிவிட்டாள்.

"அக்கா இருக்காங்கல்ல? அப்ப சரி" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறினார். ஷூவைக் கழற்றினார். அதே சாக்ஸ், அதே ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவள் குனிந்தாள். எப்போதும் சொல்கிற வாக்கியத்தை ஆரம்பிக்காமல் ஸ்டூலை இழுத்துப்போட்டாள்.

அவரே எடுத்துக்கொடுத்தார். "தெரியும்கா. வலிச்சா இடது கையைத் தூக்கணும். எனக்குத்தான் வராதே. பரவாயில்ல, சமாளிச்சுக்கறேன்."

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள். பெரிய டாக்டர் கையுறையை இழுத்துவிட்டபடி, "ஆரம்பிக்கலாமா?" என்று உள்ளே வந்தார். பச்சைத் துணி முகத்தின் மேல் இறங்கியது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனதும், துணிக்குள்ளிருந்த மனுஷனின் இடது கை நாற்காலியின் விளிம்பைத் தடவியது. அவளைத்தான் தேடியது. அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தன் கையை அதன் அடியில் மல்லாத்திக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கருவி இறங்கியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு சாக்ஸ் ஓட்டையில் தெரிந்த பெருவிரல் மெல்ல மடங்கியது. பாதம் முழுவதும் குறுகி, குதிகால் நாற்காலியில் ஊன்றியது. அவள் விரல்களைப் பிடித்திருந்த பிடி இறுகி வலித்தது. ஆனால் கை எழும்பவே இல்லை. எழும்பப் பார்க்கவும் இல்லை. தன் கை வேலை செய்யாது என்று அவள் சொன்னதை அந்த மனுஷன் அப்படியே நம்பிப் படுத்திருந்தார்.

அவள் அந்தக் கையைத் தூக்கினாள். தன் கையோடு சேர்த்து, தலைக்கு மேலே, டாக்டர் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள்.

கருவி நின்றது. "என்னது?"

"வலிக்குதுங்க டாக்டர்."

"அவர் தூக்கினாரா, நீ தூக்கினியா?"

"நான்தான் தூக்கினேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்ங்க டாக்டர்." நிறுத்தினால் மறுபடி விழுங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். "போன தடவையும் தெரிஞ்சுது. மூணு தடவை தூக்கினார். நான்தான் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். பெரிய டாக்டர் கோபத்தில் வெடிப்பார் என்று காத்திருந்தாள். அவரோ முகமூடிக்கு மேலே இருந்த கண்ணைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷமாக அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதனால் அவள் அவமானம் ஒரு துளியும் குறையவில்லை.

"ஊசியை எடு" என்றார் சின்ன டாக்டரிடம்.

துணிக்குள் இருந்தவருக்குக் காது கேட்கும். அவள் விரல்களைப் பிடித்திருந்த பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. பிறகு அந்தக் கை நகர்ந்து அவருடைய வயிற்றின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஊசி போட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். இந்தத் தடவை உதட்டைக் கிள்ளிப் பார்த்து, இரண்டு தடவை கேட்டு, அதன் பிறகுதான் பெரிய டாக்டர் கருவியைத் தொட்டார். பல் வந்தது. பெருவிரல் அசையவில்லை.

வெளி அறையில் பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரம் உட்கார வேண்டும். அவள் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கையை ஏன் பிடித்தாள், எப்போதிலிருந்து அமுக்க ஆரம்பித்தாள், ஏழாம் நாள் ஏன் பொய் சொன்னாள், கடையில் ஏன் சிரித்தாள். பாதியில்தான் அவளுக்கே உறைத்தது: இப்போதும் அவர் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அவரால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாது. அவள் சட்டென்று நிறுத்தினாள். காது மடல்வரை சுட்டது. மிச்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு, அவருடைய முறைக்காகக் காத்திருந்தாள்.

அரை மணி ஆனதும் பஞ்சை எடுத்தாள். அவர் தடித்த நாக்கைப் புரட்டி, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஊசி இல்லையா?"

"இல்லைங்க."

"கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே." கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள், பாரம் இறங்கியிருக்கும். அவர் தன் இடது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்திருக்கு" என்று கையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

போகிற வழியில் கடித்துக்கொள்ளப் புதுப் பஞ்சு வைத்தாள். அவர் தலையை அசைக்கவில்லை, முனகவும் இல்லை. வலது கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி இடது கையில் கட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் நான்கு படிகள் உண்டு. தலை சுற்றும் என்பதால் எல்லோருக்கும் கை கொடுத்து இறக்கிவிடுவது அவள் வழக்கம். பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கடைசிப் படியில் நின்று திரும்பினார். வாயில் பஞ்சு. இடது கையை மேலே தூக்கினார், தோளுக்கு மேலே, நன்றாகத் தெரியும்படி. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு மற்ற விரல்களைக் காட்டினார்.

நான்கு.

அன்று அவர் கையைத் தூக்கியது மூன்று தடவை என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஒன்று அவள் கைக்குள்ளேயே எழும்பி அடங்கியிருக்கிறது. அவளுக்கு அது தெரியவேயில்லை. அவர் புரிந்ததா என்று கேட்கிற மாதிரி அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். "நாலுங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அவர் கையைக் கீழே இறக்கி, கடையைப் பார்த்து நடந்தார்.